சொல்லுக்குச் சொல் சொன்ன தேவானை

வெகு காலத்துக்கு முன்னே, கடல் ஆமைகள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தென்கடல் ஓரத்தில் பவழத்துறை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜ்ஜியம் சின்னதுதான், துறைமுகம் மட்டும் பெரிசு. மிளகு வாங்க ஒருவன், முத்து வாங்க ஒருவன், சும்மா வேடிக்கை பார்க்க ஒருவன் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். அவர்கள் பேசுவது மன்னருக்குப் புரியாது. மன்னர் பேசுவது அவர்களுக்குப் புரியாது. நடுவில் நின்று அந்தப் பேச்சை இந்தப் பேச்சாக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளுக்குத் துபாஷி என்று பெயர்.

பவழத்துறையின் துபாஷி தேவானை. துறைமுகத்தில் ஆப்பம் விற்ற தாயின் இடுப்பில் உட்கார்ந்தபடியே நாலைந்து பாஷைகளைப் பொறுக்கிக்கொண்டவள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமும் அப்படி வந்ததுதான். எடை, விலை, கயிறு, பாய், மிளகு, காற்று எல்லாவற்றுக்கும் அவளிடம் சொல் இருந்தது. அந்தச் சொற்கள் பிறந்த ஊரை மட்டும் அவள் பார்த்ததில்லை.

அந்த ராஜ்ஜியத்தில் ஒரு வழக்கம். துபாஷி வேலைக்கு வருகிறவர்கள் உள்ளங்கையில் உப்பை ஏந்தி, மன்னர் முன்னால் வாக்குக் கொடுக்க வேண்டும். "கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், மாற்றமாட்டேன்." மன்னருடைய பாட்டனார் காலத்தில் ஒரு துபாஷி தன் சொந்தச் சரக்கையும் சேர்த்து அளந்துவிட, ஒரு யுத்தமே வந்து தொலைத்ததாம். அன்றிலிருந்து இந்த உப்பு. தேவானை அந்த வாக்கை உயிராக வைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

அவள் புருஷன் வேலாண்டி, கட்டுமரக்காரர். இளகின மனசு. வலையில் ஆமை சிக்கினால் வலையை அறுத்து ஆமையைக் கடலில் விட்டுவிடுவார். அப்புறம் வீட்டுக்கு வந்து, வலை போச்சே என்று ராத்திரிச் சோறு இறங்காமல் புலம்புவார்.

ஒரு கார்த்திகை மாசம், பேய்க்காற்று அடித்தது. துறைக்கு வெளியே ஒரு கப்பல் பாறையில் மோதி உடைந்தது. கரையில் நின்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, வேலாண்டி மட்டும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். மாலுமிகள் மரப்பலகைகளைப் பிடித்துக் கரையேறிவிட்டார்கள். ஒரு பெண்ணரசி மட்டும் மூழ்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தலைமுடியைப் பற்றித் தூக்கி, மரத்தோடு சேர்த்துக் கட்டி, கரைக்குக் கொண்டுவந்து போட்டார்.

அவள் பெயர் மேபல். வடக்கே, ஆங்கிலம் பேசும் பனித்தீவின் சீமாட்டி. சாதாரணச் சீமாட்டி இல்லை, மந்திரக்காரி. அவள் ஊதினால் ஓடுகிற ஆறும் உறைந்து நிற்கும். அவ்வளவு பெரிய மந்திரக்காரி கடலை உறைய வைத்து ஜம்மென்று நடந்து வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வாய் நிறைய உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு எப்படி ஊதுவதாம்?

மார்கழியில் மேபல் எழுந்து நடமாடினாள். மன்னர் சேந்தன் அவளுக்கு ஒரு கப்பலும் கொடுத்தார். புறப்படுவதற்கு முன்னால் தன் உயிரைக் காத்தவருக்குச் சபையில் நன்றி சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். சபை கூடியது. இந்தப் பக்கம் மேபல், அந்தப் பக்கம் சலவை வேட்டியில் கூச்சத்தோடு வேலாண்டி, நடுவில் தேவானை.

மேபல் நெஞ்சில் கை வைத்து, கண் கலங்கப் பேசினாள். தேவானை அதை அப்படியே எடுத்து வைத்தாள். "என் நெஞ்சிலிருந்து சூடான நன்றியை உமக்குச் சொல்கிறேன் என்கிறார்."

சபையில் சலசலப்பு. சூடாகவா? சூடாகப் பேசும்படி இந்த மனுஷர் என்ன செய்துவிட்டார்? தலைமுடியைப் பிடித்து இழுத்ததில் கோபமோ? வேலாண்டிக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நல்ல மனுஷர் அல்லவா, சமாதானமாகக் கையைக் கூப்பினார்.

"கோவப்படாதீங்கம்மா. நீங்க பொழச்சு எந்திரிச்சதே போதும். உங்களை இப்படிப் பார்த்ததுல என் நெஞ்சு குளுந்துபோச்சு."

தேவானை அதையும் அப்படியே எடுத்து வைத்தாள். உன்னைப் பார்த்ததில் என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

மேபலின் முகம் சுண்டிவிட்டது. தேவானை அதைப் பார்த்தாள். எங்கேயோ ஏதோ தப்பாகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் இது அன்பான வார்த்தை அம்மா என்று ஒரே ஒரு வரி சேர்த்துச் சொல்லலாமா என்று நாக்கு துடித்தது. ஆனால் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், மாற்றமாட்டேன் என்று உப்பின் மேல் சொன்ன வாய் அது. மூடிக்கொண்டது.

"உன் நெஞ்சு குளிர்ந்துவிட்டதா? அப்படியானால் முழுசும் குளிரட்டும்" என்றாள் மேபல். வேலாண்டியைப் பார்த்து ஒரு முறை ஊதினாள்.

கூப்பிய கை கூப்பியபடி, சிரித்த முகம் சிரித்தபடி, வேலாண்டி பனிக்கட்டியாகிவிட்டார். மேபல் திரும்பிப் பார்க்காமல் போய்க் கப்பலேறினாள். அவளைப் பிடிக்க ஓடிய காவலர்கள் கையிலிருந்த ஈட்டிகளும் உறைந்து நழுவி விழுந்தன.

மற்ற ஊராக இருந்தால், பனியானவர் பனியாகவே நூறு வருஷம் நிற்பார். இது பவழத்துறை. மார்கழி மத்தியானத்தில்கூட வியர்க்கிற ஊர். வெயில் ஏறியதும் வேலாண்டியின் காது மடலிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தது. தேவானை ஓடிப்போய் முந்தானையை விரித்து வெயிலை மறைத்தாள். உருகினால் திரும்பி வருவார் என்பதில்லை. உருகினால் மனுஷரே இல்லாமல் போய்விடுவார்.

அப்போதுதான் ஊர் திரண்டது. பக்கத்து வீட்டுப் பேச்சிக்கனி, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் உதவிக்கு நீளும் கை அதைவிட நீளம். அவள்தான் முதலில் சேலையை வரிந்துகொண்டு இறங்கினாள். ஓலைக் கொட்டகை எழும்பியது. சுற்றிலும் வெட்டிவேர் தட்டிகள் தொங்கின. வேலாண்டியின் இடுப்பு வரைக்கும் உமியைக் கொட்டிப் பொதிந்தார்கள். வண்ணார், வலையர், உப்பளத்துக்காரர், கோயில் குருக்கள் வீட்டு மாமி உட்பட ஆளுக்கொரு குடம் கொண்டுவந்து தட்டிகளை நனைத்தார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை.

தேவானை அழுதுகொண்டு கொட்டகையில் கிடந்தாள். என் வாயால்தானே இது வந்தது என்று அவள் சொன்னதையே சொல்ல, பேச்சிக்கனிக்குப் பொறுக்கவில்லை.

"வாயால வந்துச்சுன்னா வாயாலயே போக்கு. இங்க கெடந்து அழுதா உன் கண்ணீர்ச் சூட்டுல அந்த மனுஷன் இன்னுங் கொஞ்சம் உருகத்தான் செய்வாரு. போ, அந்தச் சீமாட்டியப் போய்ப் பாரு. இவரை நாங்க பாத்துக்கிடுதோம்."

போவது எப்படி? அந்த மந்திரக்காரியைத் தேடிப் பனித்தீவுக்குக் கப்பல் எடுக்க ஒரு மாலுமியும் துணியவில்லை. தேவானை கடலோரத்தில் போய் நின்றாள். அலைக்கு நடுவே பாறை மாதிரி ஒன்று எழும்பியது. பாறைக்குத் தலை முளைத்தது.

"உன் வீட்டுக்காரரு எனக்காக நல்ல வலை ஒண்ணை அறுத்தாரு. ரெண்டு பொழுது அதுக்காக அழுதாருன்னும் கேள்விப்பட்டேன். ஏறு" என்றது ஆமை.

"உங்களால அம்புட்டுத் தொலைவு போக முடியுமா, ஆமையாரே?"

"கரையில பாத்து எடை போடாத. தண்ணிக்குள்ள வந்து பாரு."

பச்சைக் கடலைத் தாண்டினார்கள். நீலக் கடலைத் தாண்டினார்கள். மை மாதிரி கறுத்த கடலையும் தாண்டினார்கள். வழி நெடுக ஆமை முணுமுணுத்தது. முதுகு வலிக்கிறது என்றது, நீ கனக்கிறாய் என்றது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. மாசி மாதத்தில் பனித்தீவின் கரையில் தேவானையை இறக்கிவிட்டு, திரும்பி வரும் வரைக்கும் இங்கேயே கிடப்பதாகச் சொல்லித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

கரையில் கால் வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் கண் தெரியாத மழை. துறைமுகக் காவல்காரன் ஒருவன் தன் கூண்டுக்குள்ளிருந்து கையாட்டிக் கூப்பிட்டான். "உள்ளே வா பெண்ணே! பூனையும் நாயுமாகப் பெய்கிறது."

தேவானை அண்ணாந்து பார்த்தாள். பூனையும் இல்லை, நாயும் இல்லை. அவன் விழுந்து விழுந்து சிரித்து, பலத்த மழையை இங்கே அப்படித்தான் சொல்வோம் என்றான். எங்கள் ஊரில் வானம் பொத்துக்கொண்டது என்போம் என்றாள் அவள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஓட்டை எங்கே என்று அண்ணாந்து தேடினான். இப்போது அவள் சிரித்தாள். புருஷன் உறைந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

மழை விட்டதும் நடந்தாள். கடைத்தெருவில் ரொட்டி சுடுகிறவளிடம், மேபல் சீமாட்டியின் கோட்டைக்கு வழி கண்டுபிடிப்பது கஷ்டமா என்று கேட்டாள். "அது ஒரு துண்டு கேக்" என்றாள் ரொட்டிக்காரி. தேவானை பசியோடு கையை நீட்டினாள். ரொட்டிக்காரி திகைத்தாள், பிறகு புரிந்துகொண்டாள். சுலபம் என்பதற்கு அவர்கள் ஊரில் அப்படிச் சொல்வார்களாம். எங்கள் ஊரில் அல்வா சாப்பிடுகிற மாதிரி என்போம் என்று தேவானை சொல்ல, அல்வா என்றால் என்ன என்று அவள் கேட்க, நெய்யும் கோதுமைப் பாலும் சர்க்கரையும் அங்கே கொஞ்ச நேரம் பேச்சில் கிண்டப்பட்டன. புறப்படும்போது ரொட்டிக்காரி நிஜமாகவே ஒரு துண்டு கேக்கைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

இவர்களுக்கு வாயில் ஒன்று, மனதில் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தேவானை மலையேறினாள். அப்புறம்தான், நாம் மட்டும் என்ன வாழ்ந்தது என்று தோன்றியது.

மலைப் பாதையில் பனி கொட்டியது. பருத்திச் சேலை உடம்போடு ஒட்டி விறைத்தது. கோட்டை தெரிகிற இடத்துக்கு வந்தபோது அவளால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. அங்கே ஒரு குடிசை. ஈடித் என்கிற விறகுவெட்டிப் பெண் வாசலில் நின்றிருந்தாள்.

"சீமாட்டியைப் பார்க்க வந்தாயா? இங்கே வரைக்கும் வந்து, உனக்குக் கால் குளிர்ந்துவிட்டதாக்கும்."

"ஆமாம், கால் மரத்தே போய்விட்டது" என்றாள் தேவானை.

"அதைச் சொல்லவில்லை. பயம் வந்துவிட்டதா என்று கேட்டேன்."

வந்துவிட்டதுதான். எங்கள் ஊரில் இதை வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்போம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஈடித் அவளை உள்ளே இழுத்து அடுப்பின் முன்னால் உட்கார வைத்தாள். மூலையில் கிடந்த விறகையெல்லாம் எடுத்து அடுப்பில் போட்டாள். அந்த வாரம் முழுக்க எரிக்க வேண்டிய விறகு அது. ஒரு கிண்ணம் சூடான கஞ்சியைக் கையில் கொடுத்தாள். பேச்சுவாக்கில், பயணம் போய் வந்ததிலிருந்து சீமாட்டி எல்லோருக்கும் குளிர்ந்த தோளைத்தான் காட்டுகிறாள், அதாவது முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள்.

தேவானை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, உங்கள் பேச்சில் குளிர் எங்கே வந்தாலும் கெட்டதுக்குத்தான் வருகிறதே, ஏன்?"

ஈடித் நெருப்பைக் கிளறிவிட்டாள். "குளிர் வேறு எதற்கு ஆகும்? என் மூத்த மகனைக் குளிர்தான் கொண்டுபோயிற்று. விறகு தீர்ந்துபோன ஓர் இரவு."

தேவானையின் தாய் போனது ஒரு சித்திரை மத்தியானம், ஆப்பக் கூடையோடு, வெயிலில் சுருண்டு விழுந்து. அந்தத் தாய்க்குக் கடைசியாக ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தவளை தேவானை இன்றைக்கும் கும்பிடுகிறாள். கஞ்சி உள்ளே இறங்கியது. விரல்களுக்கு உயிர் வந்தது. நெஞ்சுக்குள் கதகதவென்று ஒன்று பரவியது. இந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். நெஞ்சு குளிர்ந்தது என்று இங்கே எப்படிச் சொல்வது? குளிரவில்லையே. குளிர்ந்திருந்தால் செத்தல்லவா போயிருப்பாள்?

"அம்மா, என் நெஞ்சு சூடாகிவிட்டது" என்றாள். சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்குச் சபையில் மேபல் என்ன சொன்னாள் என்பதும், தன் புருஷன் சொன்னது அவள் காதில் என்னவாக விழுந்தது என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஈடித் தன் கம்பளிப் போர்வையை அவள் மேல் போர்த்தி, கோட்டை வாசல் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள்.

கோட்டைக்குள் மேபல் அணைந்த கணப்படுப்பின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். தேவானையைக் கண்டதும் ஊதுவதற்கு உதடு குவிந்தது.

"ஊதுவதென்றால் ஊதுங்கள். அதற்கு முன்னால் நான் கொண்டுவந்து சேர்க்காத ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்" என்றாள் தேவானை. "என் வீட்டுக்காரர் உங்களை அவமதிக்கவில்லை. நீங்கள் பிழைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அதைத்தான் சொன்னார். உங்கள் நாட்டில் சொல்வதானால், அவர் நெஞ்சு கதகதத்தது. மூட்டையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சுமக்கிற கூலிக்காரி மாதிரி நான் சொல்லை மட்டும் சுமந்தேன். தப்பு அவருடையது இல்லை. என்னுடையது."

மேபல் நம்பவில்லை. "அன்றைக்குக் குளிர்ந்தது என்றாய். இன்றைக்குக் கதகதத்தது என்கிறாய். புருஷனைக் காப்பாற்ற மாற்றிச் சொல்கிறாய். எதை நான் நம்புவது?"

மாற்றமாட்டேன் என்று வாழ்ந்தவள் மாற்றிவிட்டாள், இனி அவள் சொல்லுக்கு என்ன மதிப்பு? "நம்ப வேண்டாம். வந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னாள் தேவானை.

மேபல் எழுந்து ஜன்னலோரம் போனாள். பிறகு சொன்னாள். "நான் நினைத்தாலும் அந்த மந்திரத்தை அவிழ்க்க முடியாது. அன்றைக்கு என் காதில் விழுந்த அர்த்தத்தில் அது முடிச்சு விழுந்திருக்கிறது. குளிர்ச்சியும் அன்புதான் என்று என் உடம்பே ஒப்புக்கொண்டால்தான் அவிழும். என் உடம்பு அதை ஒருநாளும் ஒப்பாது. ஆனாலும் வருகிறேன். அந்த மனிதர் என் உயிரைக் காத்தார். நான் சொல்லப்போன நன்றி பாதியில் நிற்கிறது. அது என்னைத் தூங்கவிடவில்லை."

இரண்டு பேரையும் பார்த்த ஆமை, போகும்போது ஒன்று வரும்போது இரண்டா என்று கேட்டது. கேட்டுவிட்டு முதுகைக் கொடுத்தது. கறுத்த கடல், நீலக் கடல், பச்சைக் கடல் எல்லாம் பின்னால் போயின.

பவழத்துறையில் வந்து இறங்கிய நேரம் கத்திரி வெயிலின் உச்சி மத்தியானம். மணல் காலைப் பொரித்தது. காற்று அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அறைந்தது. கம்பளி அங்கியோடு இறங்கிய மேபல் மூச்சை ஊதிப் பார்த்தாள். அந்த வெயிலில் மந்திரக்காரியின் மூச்சும் அனலாகத்தான் வந்தது. நாலு தெரு தாண்டுவதற்குள் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, உதடு வெடித்து, தள்ளாடத் தொடங்கினாள்.

கொட்டகைக்குள் போன தேவானைக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. ஊர் கைவிடவில்லை. ஆனால் கத்திரி வெயிலை யார் தடுப்பது? வேலாண்டி பாதி ஆளாக இளைத்திருந்தார். விரல்கள் குச்சியாகிவிட்டன. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஊர்க் கிணறுகள் வற்றிவிட்டன. மலையடிச் சுனையிலிருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அடுத்த வண்டி வர நேரமாகும். கொட்டகை மூலையில், மணல் மேட்டின் மேல் ஒரே ஒரு மண்பானை, வெட்டிவேர் போட்டு, ஈரத்துணி சுற்றி இருந்தது. அதை ஊற்றினால்தான் இந்த மத்தியானம் தாண்டும்.

அந்த நேரம் மேபல் வாசலில் விழுந்தாள். கண் செருகியது. நாக்கு வெளியே வந்தது. கூடியிருந்தவர்களில் ஒருவரும் அசையவில்லை. அசைவார்களா? வேலாண்டியை இப்படி ஆக்கியவள் அல்லவா?

தேவானை பானையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கீழே கிடந்தவளைப் பார்த்தாள். பிறகு பானைக்குள் செம்பை விட்டு மொண்டாள்.

பேச்சிக்கனி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது அவருக்கு வெச்ச தண்ணி, தேவானை."

"தெரியும்க்கா."

"அப்புறம் வருத்தப்படுவே."

"என் வீட்டுக்காரருக்குக் காது கேட்டா, முதல்ல அவங்களுக்குக் குடுன்னுதான் சொல்வாரு. கையை விடுங்கக்கா."

மந்திரம் அவிழும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தாள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நேரத்தில் மந்திரம் எதுவும் அவள் நினைவில் இல்லை. ஒரு வாரத்து விறகை ஒரே மூச்சில் அடுப்பில் போட்ட ஒருத்தியின் கை மட்டும்தான் நினைவில் இருந்தது. மேபலின் தலையை மடியில் தூக்கி வைத்து, செம்பை வாயருகே சாய்த்தாள்.

மேபல் குடித்தாள். மிச்சத்தைத் தேவானை அவள் நெற்றியிலும் கழுத்திலும் தடவினாள். இன்னொரு செம்பு, இன்னும் ஒரு செம்பு. பானை காலி. தொண்டையில் இறங்கிய குளிர்ச்சி நெஞ்சில் இறங்கி வயிற்றில் போய் நின்றது. செருகிய கண் திறந்தது. மேபல் தன்னைத் தாங்கியிருந்த முகத்தைப் பார்த்து, பனித்தீவில் பிறந்த யாரும் அதுவரை சொல்லாத ஒன்றைத் தன் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது."

சொன்னவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கொட்டகைக்குள் பட்டென்று ஒரு சத்தம். பிறகு பொலபொலவென்று பனி உதிர்கிற சத்தம். உமிக்குள்ளிருந்து வேலாண்டி தும்மிக்கொண்டே எழுந்து வந்தார். முழு ஆளாக வந்தார். இடது காது மடலில் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. உருகி உமியில் இறங்கியதெல்லாம் திரும்பிவிட்டது; முதல் நாள் வெறும் தரையில் சொட்டிப்போனது மட்டும் திரும்பவில்லை. அவர் முதலில் பார்த்தது மேபலைத்தான்.

"இந்தம்மாவுக்குக் கோவம் தணிஞ்சுதா?" என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், தேவானை ஓடிப்போய் அவர் மார்பில் விழுந்து, ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதாள். மேபலும் அழுதாள். அழுது முடித்து, பாதியில் நின்ற நன்றியை முழுசாகச் சொன்னாள். நீளமான பேச்சு. அதில் சூடும் வந்தது, நெஞ்சின் அடியாழமும் வந்தது, இன்னும் என்னென்னவோ வந்தன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு தேவானை புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "உங்களாலதான் நான் இன்னைக்கு உயிரோட நிக்கேன், அதை எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டேன்னு சொல்றாங்க."

வேலாண்டிக்கு இந்தத் தடவை புரிந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே, செய்தி கேட்டு ஓடிவந்த மன்னரோடு மந்திரியும் வந்து நின்றிருந்தார். சீமாட்டி பேசியது அவ்வளவு, துபாஷி சொன்னது இவ்வளவுதானா, உப்பின் மேல் கொடுத்த வாக்கு என்னாயிற்று என்று மந்திரி கேட்டார். அந்த ஆசாமிக்கு எப்போதும் அப்படி ஒரு சந்தேகம். குறைத்தேன், மாற்றவும் செய்தேன் என்று தேவானை ஒளிக்காமல் சொன்னாள். மன்னர் வேலாண்டியின் காதைப் பார்த்தார். வாக்கைக் காப்பாற்றியபோது வந்ததைப் பார்த்தோம், மாற்றியபோது வந்ததையும் பார்க்கிறோம் என்றார். அன்றிலிருந்து பவழத்துறைத் துபாஷிகள் உப்பை ஏந்தி, சொன்னவர் மனசைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்றுதான் சத்தியம் செய்தார்கள்.

மேபல் தன் நாட்டுக்குப் போனதும் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் சித்திரை பிறந்தால் பனித்தீவிலிருந்து ஒரு கப்பல் வரும். உள்ளே உமி பொதிந்த பனிக்கட்டிகள். வெயிலில் விழுந்தவர்களுக்கு வைத்தியர்கள் அதைத்தான் வைத்தார்கள். திரும்பிப் போகும் கப்பலில் மிளகும் சுக்கும் திப்பிலியும் போகும், ஈடித்தின் வீட்டுக்கு மட்டும் தனி மூட்டை. அங்கே குளிர்காலத்தில் பிள்ளைகள் சாவது குறைந்தது என்று மாலுமிகள் சொன்னார்கள். வேலாண்டி மட்டும் பனிக்கட்டி இறங்கும் நாளில் துறைமுகப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்.

இதோடு முடித்துவிடலாம். ஆனால் பனி உதிர்ந்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கே மனசு ஆறாது.

கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி உமியை அள்ளினாள், ஒருவர் தட்டியைச் சுருட்டினார், குடங்கள் அவரவர் இடுப்புக்குத் திரும்பின. மார்கழியிலிருந்து கத்திரி வரைக்கும் தங்கள் குடிதண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றியவர்கள். தோள் காய்த்துப்போனவர்கள். தேவானை அவர்கள் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். நாலைந்து பாஷை தெரிந்தவள். அவற்றில் எதிலும் ஒரு சொல்கூட வரவில்லை. கண்ணீர் மட்டும் ஓடியது. நின்றபடியே நின்றாள்.

பேச்சிக்கனி குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

"வெளங்கிட்டு, விடு" என்றாள். "எங்களுக்கு எல்லாம் வெளங்கிட்டு. உலை வெச்சிருக்கேன், ரெண்டு பேரும் சாப்பிட வாங்க."

தேவானை கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தாள். கதையும் அவர்களோடு அந்த வீட்டுக்குள் போய்விட்டது. நாம் வாசலிலேயே விடைபெற்றுக்கொள்வோம்.